கட்சிப் பெயரை எடுத்துவிட்டால் நீதிபதித் தேர்தலில் என்ன மிஞ்சும்?

உயர் நீதிமன்ற நீதிபதி பதவிக்கு நோட்டீஸ் அடித்து ஓட்டுக் கேட்கிறார்கள் என்று நம் ஊரில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். கொலீஜியம் சரியா, தவறா என்று வாதம் செய்து பழகியவர்கள் நாம். அமெரிக்காவில் ஃபெடரல் நீதிபதிகளை ஜனாதிபதி நியமிக்கிறார், செனட் ஒப்புதல் தருகிறது. மாநில நீதிமன்றங்களின் கதையே வேறு. பெரும்பாலான மாநிலங்களில் நீதிபதிகள் ஏதாவது ஒரு கட்டத்தில் மக்கள் முன் வந்து நின்றாக வேண்டும்.

அப்படி நிற்பவருக்கு இரண்டு சிக்கல்கள் வரும். வாக்குச் சீட்டில் அவர் பெயருக்குப் பக்கத்தில் கட்சியைப் போடுவதா, வேண்டாமா? பிரச்சாரத்துக்கு அவர் யாரிடம் பணம் வாங்குவார்? அவருக்கு நிதி தர ஆர்வமாக இருப்பவர்கள் யார் என்று பார்த்தால், நாளை அதே நீதிமன்றத்தில் வழக்காடப் போகும் வக்கீல்களும், அவர்களுடைய கட்சிக்காரர்களும்தான். (இங்கே ‘கட்சிக்காரர்’ என்றால் வழக்கை வக்கீலிடம் ஒப்படைத்தவர். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லாக அமைந்துவிட்டது.)

இந்த இரண்டுக்கும் ஒரே சட்டத்தில் விடை தேடிப் பார்த்த மாநிலம் வட கரோலினா: சீட்டிலிருந்து கட்சிப் பெயரை எடுப்பது, பிரச்சாரத்துக்கு அரசே பணம் தருவது. 2002-ல் சட்டம், 2004-ல் முதல் தேர்தல், 2013-ல் பண ஏற்பாடு ரத்து, 2018-க்குள் கட்சிப் பெயர் எல்லா மட்டத்திலும் திரும்பி வந்துவிட்டது. பிரித்துப் பார்க்க இதைவிட முழுமையான உதாரணம் கிடைப்பது அரிது. ராலே, கேரி பக்கம் குடியுரிமை வாங்கி ஓட்டுப் போடும் தமிழர்கள் பலருக்கும் அந்தச் சீட்டு பழக்கமானதுதான்.

முதலில் நீதிமன்ற அமைப்பு. மாநில உச்ச நீதிமன்றத்தில் 7 பேர், மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் 15 பேர். பதவிக்காலம் 8 ஆண்டு. இந்த 22 பேரையும் மாநிலம் முழுவதும், அதாவது 100 கவுன்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) வாக்காளர்களும் தேர்ந்தெடுக்கிறார்கள். கீழே சுப்பீரியர், டிஸ்ட்ரிக்ட் என்று விசாரணை நீதிமன்றங்கள். முன்பு எல்லாமே கட்சிப் பெயரோடு நடந்த தேர்தல்கள். 1994-ல் குடியரசுக் கட்சி அலை அடித்தபோது நீதிபதி இடங்களையும் சேர்த்தே வாரிக்கொண்டு போனது. அதற்குப் பின்தான் கட்சிப் பெயரை எடுக்கும் வேலை ஆரம்பமானது. 1996-ல் சுப்பீரியர் நீதிமன்றங்களுக்கும், 2001-ல் டிஸ்ட்ரிக்ட் நீதிமன்றங்களுக்கும், 2002-ல் மேலுள்ள இரண்டுக்கும் சட்டம் வந்தது. கொள்கைப் பிடிப்பும் இருந்தது, அரசியல் கணக்கும் இருந்தது. பின்னால் கட்சிப் பெயரைத் திரும்பக் கொண்டுவந்தவர்களுக்கும் இதே கணக்கு இருந்தது. இதில் ஒரு தரப்பை மட்டும் புனிதர்களாகக் காட்ட முடியாது.

இனி பண ஏற்பாடு. அரசுப் பணம் என்றவுடன் ‘கேட்டவனுக்கெல்லாம் கொடுத்தார்கள்’ என்று நினைத்துவிட வேண்டாம். வாயிலிலேயே நன்றாகச் சலித்துத்தான் உள்ளே விட்டார்கள்.

எல்லாத் தொகைக்கும் அடிப்படை, மனுத்தாக்கல் கட்டணம். அது அந்தப் பதவியின் ஆண்டுச் சம்பளத்தில் 1 சதவீதம். 2004-ல் உச்ச நீதிமன்றத்துக்கு 1,153 டாலர். வேட்பாளர் முதலில் தேர்தல் வாரியத்திடம் ‘இந்தத் திட்டத்தில் சேர்கிறேன்’ என்று எழுதிக் கொடுக்க வேண்டும். தேர்தலுக்கு முந்தைய ஆண்டு செப்டம்பர் 1 முதல் முதற்கட்டத் தேர்தல் (நவம்பர் தேர்தலுக்கு முன் வேட்பாளர்களைக் குறைக்கும் வாக்கெடுப்பு) நாள் வரை தகுதி நன்கொடை திரட்டலாம். குறைந்தது 350 பேரிடம் வாங்கியாக வேண்டும். 350 பேரும் அந்த மாநிலத்தில் பதிவு செய்த வாக்காளர்களாக இருக்க வேண்டும். ஒருவரிடம் 10 டாலருக்குக் குறையாமல், 500-க்கு மேற்படாமல். மொத்தம் மனுக் கட்டணத்தைப்போல் 30 மடங்குக்குக் கீழே போகக் கூடாது, 60 மடங்குக்கு மேலே போகக் கூடாது. உச்ச நீதிமன்றத்துக்கு அது 34,590 முதல் 69,180 டாலர்.

இந்தப் பூட்டு நன்றாக யோசித்துப் போட்டது. ஆளுக்கு 500 கொடுக்கும் பணக்கார நண்பர்கள் 70 பேர் இருந்தால் குறைந்தபட்சத் தொகை சேர்ந்துவிடும். ஆனால் தலைக்கணக்கில் இன்னும் 280 பேர் பாக்கி. ஏழை ஆதரவாளர்கள் 350 பேர் ஆளுக்குப் பத்து டாலர் கொடுத்தால் தலைக்கணக்கு முடிந்துவிடும், பணம் 3,500 டாலரில் நிற்கும். சரியாக 350 பேரை மட்டும் வைத்து முடிக்க வேண்டுமென்றால் சராசரி ஆளுக்குக் கிட்டத்தட்ட 99 டாலர். ஒரு பெரிய வக்கீல் அலுவலகத்தை மட்டும் பிடித்துக்கொண்டும் தாண்ட முடியாது, கூட்டத்தில் உண்டியல் குலுக்கியும் தாண்ட முடியாது. பத்துப் பதினைந்து ஊர்களில் நாலு பேர் மதிக்கிற ஆளாக இருந்தால்தான் நடக்கும்.

இதில் வழுக்கும் இடம் எது என்பதும் விதியைப் படித்தாலே தெரியும். நன்கொடை தந்தவர் பக்கத்து மாநிலத்துக்காரர் என்றாலோ, வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறாதவர் என்றாலோ, அந்தத் தலை கணக்கில் சேராது. நிறுவனமோ, அரசியல் நிதிக் குழுவோ தரும் பணமும் சேராது. ஆகவே 350-ஐத் தொட்டதும் நிறுத்திவிடுகிற வேட்பாளர் சரிபார்ப்பில் மாட்டுவார். நாலைந்து பெயர் கழிந்தால் போதும், மொத்த உழைப்பும் போச்சு. விவரம் தெரிந்தவர் பெயர், முகவரி எல்லாவற்றையும் வாக்காளர் பட்டியலோடு அன்றன்றைக்கே ஒத்துப் பார்த்துக்கொண்டு, நானூறைத் தாண்டும் வரை ஓயமாட்டார்.

தகுதி பெற்றபின், நவம்பர் தேர்தலில் எதிராளி இருந்தால் மட்டுமே பணம். போட்டியின்றி நிற்பவருக்குக் காசு கிடையாது. உச்ச நீதிமன்றத்துக்கு மனுக் கட்டணத்தின் 175 மடங்கு, மேல்முறையீட்டுக்கு 125 மடங்கு. 2004 கணக்கில் முறையே 2,01,775 டாலரும் 1,38,125 டாலரும். அதோடு தான் திரட்டிய தகுதி நன்கொடையில் மீதம் இருப்பதையும் செலவழிக்கலாம். அதைத் தாண்டி ஒரு டாலர் வாங்கக் கூடாது. செலவாகாமல் மிஞ்சியதை நிதிக்கே திருப்ப வேண்டும். திட்டத்தில் சேராமல் சொந்தமாகத் திரட்டவும் தடை இல்லை, யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. கட்டாயப்படுத்தினால் அரசியல் சட்டச் சிக்கல் வந்துவிடும்.

நிதி எங்கிருந்து வந்தது? வருமான வரிப் படிவத்தில் ஒரு கட்டம். அதில் குறியிட்டால் ஏற்கெனவே கட்ட வேண்டிய வரியிலிருந்து 3 டாலர் இந்த நிதிக்குப் போகும். வரி கூடாது, திரும்பக் கிடைக்கும் தொகையும் குறையாது. இருந்தும் குறியிடாதவர்களே அதிகம். ‘மூன்று டாலர்’ என்ற சொல்லைப் பார்த்ததும் கை பின்வாங்கிவிடும், பக்கத்தில் இருக்கும் விளக்கத்தை யார் படிக்கிறார்கள்? இன்னொரு வழி வக்கீல்கள். தொடக்கத்தில் 50 டாலர் விருப்ப நன்கொடையாகத்தான் கேட்டார்கள். விருப்பம் போதவில்லை. 2006 முதல் அதே 50 டாலர், வக்கீல்கள் ஆண்டுதோறும் கட்டும் பார் கட்டணத்தோடு சேர்ந்த கட்டாயக் கட்டணமானது. இருபதாயிரத்துக்கும் மேல் வக்கீல்கள் இருந்த மாநிலம் என்பதால் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் தாண்டும். நிதி நிலைபெற்றது இதனால்தான்.

பலன் தெரிந்ததா என்றால், தெரிந்தது. 2004 நவம்பரில் திட்டத்துக்குள் வரத் தகுதியிருந்த 16 வேட்பாளர்களில் 12 பேர் அரசுப் பணத்தில் நின்றார்கள். 2002-ல் இந்த நீதிபதித் தேர்தல்களுக்கு வந்த நன்கொடையில் 73 சதவீதம் வக்கீல்களும் தனிநலக் குழுக்களும் கொடுத்தது. 2004-ல் அது 14 சதவீதமாக இறங்கியது. இரண்டு கட்சிப் பின்னணி உள்ளவர்களும் சேர்ந்தார்கள். ‘இது அந்தக் கட்சிக்காரன் கொண்டுவந்த திட்டம்’ என்ற முணுமுணுப்பு இருந்தது, ஆனாலும் காசை வாங்கிக்கொண்டார்கள்.

ஆனால் இன்னொரு கணக்கையும் போட வேண்டும், இதை அநேகமாக யாரும் போடுவதில்லை. 2004-ல் அந்த மாநிலத்தில் பதிவான வாக்காளர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல். 2,01,775 டாலரை அவர்களுக்குப் பங்கிட்டால் தலைக்கு நாலு சென்ட். அன்றைக்கு ஒரு சாதாரணக் கடிதத்துக்கு ஒட்டும் தபால் தலை 37 சென்ட். பத்தில் ஒரு வாக்காளருக்குத் தபால் அனுப்பினாலே தபால் தலையிலேயே மொத்தக் கையிருப்பும் தீர்ந்துவிடும், அச்சுக்கூலி தனி. அதாவது இந்தப் பணம் வேட்பாளரை வக்கீல்களிடம் கையேந்தவிடாமல் காப்பாற்றியது, உண்மை. அவரை வாக்காளருக்கு அறிமுகப்படுத்தும் அளவுக்கு அது ஒருநாளும் போதாது.

அந்த இடத்தை நிரப்பியது சட்டத்தின் மூன்றாவது உறுப்பான வாக்காளர் கையேடு. மொத்த ஏற்பாட்டிலும் உருப்படியான பகுதி இதுதான் என்பது என் கணிப்பு. தேர்தல் வாரியமே அச்சடித்து மாநிலத்தின் ஒவ்வொரு வீட்டுக்கும், ஏறக்குறைய 40 லட்சம் வீடுகளுக்கு, தபாலில் அனுப்பியது. முன்கூட்டி வாக்களிப்பு தொடங்குவதற்குள் கையில் கிடைக்க வேண்டும். வேட்பாளரின் படிப்பு, அனுபவம், தன்னைப் பற்றி அவரே எழுதிய சிறு குறிப்பு, கீழே ‘இவை வாரியத்தின் கருத்து அல்ல’ என்று ஒரு வரி. அரசுப் பணம் வாங்கியவர், வாங்காதவர் என்ற பேதம் இல்லாமல் எல்லோருக்கும் இடம்.

கையேடு ஏன் அவ்வளவு அவசியம் என்பதற்கு வாக்குச் சீட்டையே கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அந்தக் காலத்து வட கரோலினா சீட்டில் மேலே ‘ஒரே கட்சிக்கு எல்லா ஓட்டும்’ என்று ஒரு வட்டம் இருக்கும். அதை நிரப்பினால் கவர்னர் முதல் கவுன்டி பதவி வரை அந்தக் கட்சிக்கே போய்ச் சேரும். இரண்டு விதிவிலக்கு. ஒன்று ஜனாதிபதி பதவி, அதற்குத் தனியாகக் குறியிட வேண்டும். இன்னொன்று கட்சி சார்பற்ற பதவிகள். நீதிபதிகள் அந்த இரண்டாவது கும்பலில், சீட்டின் கடைசிப் பகுதியில், பல ஊர்களில் பின்பக்கத்தில். வரிசையில் நின்று களைத்து வந்தவர் ஜனாதிபதிக்கு ஒரு குறி, கட்சிக்கு ஒரு குறி போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுவார். சீட்டைத் திருப்பிப் பார்க்கிறவருக்கும் அங்கே வெறும் பெயர்கள்தான். 2012-ல் ஜனாதிபதிக்கு விழுந்தவை 45 லட்சம் வாக்கு. அதே சீட்டில் உச்ச நீதிமன்ற இடத்துக்கு 35 லட்சம். நடுவில் பத்து லட்சம் பேர் காணாமல் போனார்கள்.

பெயர் மட்டும் இருக்கும்போது மக்கள் பெயரைப் பார்த்து என்ன செய்வார்களோ அதைத்தான் செய்தார்கள். பெண் பெயரா, கேட்ட பெயரா, முதலில் இருக்கும் பெயரா என்று பார்ப்பது. அந்த 2012 போட்டியில் பதவியில் இருந்த பால் நியூபியை எதிர்த்தவர் நான்காம் சாம் எர்வின். ஜனாதிபதி நிக்ஸனின் பதவியைப் பறித்த வாட்டர்கேட் ஊழலின் விசாரணையை நடத்திய செனட்டர் சாம் எர்வினின் பேரன். அந்த மாநிலத்தில் அந்தப் பெயருக்கு இருக்கும் மதிப்பை விலைக்கு வாங்க முடியாது.

இடம் திடீரென்று காலியானால் நிலைமை இன்னும் மோசம். முறைப்படி மூன்று பேர் அல்லது அதற்கு மேல் மனுப் போட்டால் முதற்கட்டத் தேர்தல் நடத்தி, முதலிரண்டு பேரை நவம்பருக்கு அனுப்புவார்கள். முதற்கட்டம் முடிந்தபின் ஒரு நீதிபதி விலகினால்? எல்லோரும் நேராக நவம்பர் சீட்டில். 2004-ல் ராபர்ட் ஆர் விலகிய இடத்துக்கு எட்டுப் பேர் நின்றார்கள். வென்ற நியூபிக்குக் கிடைத்தது சுமார் 23 சதவீதம். நாலில் மூன்று பேருக்கு மேல் வேறு யாருக்கோ போட்டிருக்கிறார்கள், ஆனாலும் எட்டு ஆண்டுப் பதவி.

அதற்கு மருந்தாக விருப்ப வரிசை முறையைக் கொண்டுவந்தார்கள். முதல், இரண்டாம், மூன்றாம் விருப்பம் என்று மூன்று பத்தி. முதல் சுற்றில் யாருக்கும் போதுமான வாக்கு இல்லையென்றால் முதலிரண்டு பேரை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குப் போட்டவர்களின் அடுத்த விருப்பத்தைப் பார்ப்பார்கள். 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் ஓர் இடத்துக்கு இது மாநிலம் முழுக்க நடந்தது. வேட்பாளர்கள் 13 பேர். முதல் சுற்றில் கிரெஸி திக்பென் 20 சதவீதம், டக் மக்கல்லோ 15 சதவீதம். அடுத்த விருப்பங்களை எண்ணியபின் மக்கல்லோ ஆறாயிரத்துச் சொச்சம் வாக்கில் முந்திவிட்டார். கணக்கில் பிழை இல்லை, முறையே அப்படி. ஆனால் கையில் இருந்த வாக்கு இயந்திரங்கள் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அடுத்த விருப்பங்களைப் பிரித்தெடுக்கத் தனி வேலை நடந்தது, மறு எண்ணிக்கையும் சேர்ந்து முடிவுக்கு டிசம்பர் ஆகிவிட்டது. நவம்பர் 2-ல் முன்னால் நின்றவர் டிசம்பரில் தோற்றால் ஜனங்கள் என்ன பேசுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. 2013-ல் அந்த முறையையும் தூக்கிவிட்டார்கள். அடுத்த ஆண்டே இன்னோர் இடம் காலியாகி 19 பேர் நின்றார்கள். ஜெயித்தவருக்கு 24 சதவீதம்கூட முழுதாக இல்லை.

பண ஏற்பாடு செத்தது வேறு காரணத்தால். திட்டத்தில் சேர்ந்தவருக்கு ஓர் அச்சம் இருக்கும்: நான் இரண்டு லட்சத்தோடு கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன், எதிராளி பத்து லட்சம் இறக்கினால்? அதற்காகச் சட்டத்தில் மீட்புப் பணம் என்று ஒரு விசை வைத்திருந்தார்கள். எதிராளியின் செலவும், அவருக்கு ஆதரவாக வெளியார் செய்யும் செலவும் சேர்ந்து ஒரு வரம்பைத் தாண்டினால், தாண்டிய அளவுக்கு இவருக்குக் கூடுதல் பணம் வரும். உச்சவரம்பு, முதலில் தந்ததைப்போல் இரண்டு மடங்கு. 2008-ல் வட கரோலினா அடங்கிய நான்காம் வட்ட ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இது செல்லும் என்று சொன்னது. 2011 ஜூனில் அரிசோனாவின் இதேபோன்ற ஏற்பாட்டை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் ரத்து செய்தது. நான் பேசப் பேச என் எதிரிக்கு அரசு பணம் கொடுத்தால், அது நான் பேசுவதற்குப் போட்ட அபராதம் என்பது பெரும்பான்மையின் வாதம். ஒருவர் பேச்சை அடக்கவில்லையே, இன்னொருவர் பேச்சைக் கூட்டியதுதானே என்று மற்ற நால்வரும் கேட்டார்கள். எனக்கு அந்த நால்வர் சொன்னதுதான் நியாயமாகப் படுகிறது, ஆனால் நாலு ஓட்டு ஐந்து ஆகாது. 2012-ல் வட கரோலினாவின் மீட்புப் பணத்தையும் ஃபெடரல் நீதிமன்றம் நிறுத்தியது.

விசை போனபின் என்ன ஆகும் என்பது அதே ஆண்டிலேயே தெரிந்தது. நியூபி, எர்வின் இருவரும் அரசுப் பணத்தில் நின்றவர்கள்தான். ஆளுக்கு 2,40,100 டாலர். இருவரும் விதியை மதித்தார்கள். ஆனால் நியூபிக்கு ஆதரவாக வெளி அமைப்புகள் இறக்கியது இருபது லட்சம் டாலருக்கும் மேல். அதில் ஒரு டிவி விளம்பரம் இன்றைக்கும் பேசப்படுகிறது. ஒருவர் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தை மீட்டிக்கொண்டு நியூபியைப் புகழ்ந்து பாடுவார், குற்றவாளிகள் அவரைக் கண்டு ஓடுவார்கள். சட்டத்தைப் பற்றி ஒரு சொல் இருக்காது. பெயர் மட்டும் மண்டையில் ஏறும், வெறும் பெயர்கள் உள்ள சீட்டுக்கு அதுதானே வேண்டும்? நியூபி 52-48 என்ற அளவில் வென்றார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். திட்டம் வேட்பாளரின் கையைத்தான் கட்ட முடியும், வேட்பாளருக்காகச் செலவழிப்பவரின் கையை அல்ல. அரசுப் பணம் எப்போதும் 175 மடங்கு என்று உறைந்து நிற்கும், வெளிப்பணத்துக்கு மேற்கூரையே கிடையாது. 2013-ல் மாநிலச் சட்டமன்றம் பெரிய தேர்தல் சட்டம் ஒன்றுக்குள் வைத்து இந்தத் திட்டத்தையும் முடித்தது. மேல்முறையீட்டு நீதிபதிகள் 15 பேரில் 14 பேர் திட்டத்தை ரத்து செய்ய வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கேட்டும் நடக்கவில்லை. தனிநபர் நன்கொடை வரம்பு ஆயிரத்திலிருந்து ஐயாயிரம் டாலர் ஆனது. 2014 முதற்கட்டத் தேர்தலிலேயே நீதிபதி ராபின் ஹட்சனை, குழந்தைகளைச் சீரழிப்பவர்களுக்குச் சாதகமானவர் என்று சித்திரிக்கும் டிவி விளம்பரம் வந்துவிட்டது. அவர் தப்பித்துக் கரையேறினார்.

கட்சிப் பெயர் திரும்பிய விதம் இதைவிடச் சுவையானது. 2015 கடைசியில் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு மட்டும் கட்சிப் பெயரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். உச்ச நீதிமன்றத்துக்கு இல்லை, அதற்கு எதிராளியே இல்லாத ‘இவர் நீடிக்கலாமா’ தேர்தல் வைக்கத் திட்டமிட்டிருந்தார்கள். அந்தச் சட்டத்தை விசாரணை நீதிமன்றம் செல்லாது என்றது. மேலே போனபோது, அந்தத் தேர்தலைச் சந்திக்க இருந்த நீதிபதி எட்மண்ட்ஸ் விலகிக்கொண்டதால் ஆறு பேர் உட்கார்ந்து 3-3 என்று பிளந்தார்கள். கீழ்த்தீர்ப்பு நின்றது. ஆக 2016 நவம்பர் சீட்டில் ஒரு விசித்திரக் கலவை. மேல்முறையீட்டு இடங்களுக்குக் கட்சிப் பெயர் உண்டு, கவர்னர் கட்சியான குடியரசுக் கட்சியின் வேட்பாளரே ஒவ்வொரு போட்டியிலும் முதல் வரி. உச்ச நீதிமன்ற இடத்துக்கு மட்டும் கட்சி இல்லை. அங்கே குலுக்கலில் முதல் வரி கிடைத்தவர் மைக்கேல் மார்கன், ஜனநாயகக் கட்சிப் பின்னணி உள்ளவர். அன்று ஐந்து மேல்முறையீட்டு இடங்களையும் குடியரசுக் கட்சி வென்றது. அதே சீட்டில் மார்கன் 54 சதவீதம் வாங்கி, பதவியில் இருந்த எட்மண்ட்ஸைத் தோற்கடித்தார். முதல் வரி எல்லாம் நம்ம ஆள்தான் என்று நினைத்துப் போட்டவர்கள் இருந்திருக்கலாம் என்ற பேச்சு உடனே கிளம்பியது. எத்தனை பேர் அப்படிப் போட்டார்கள் என்று எந்த எண்ணிக்கையும் காட்டிவிட முடியாது. நீதிமன்றப் பெரும்பான்மை 4-3 என்று ஜனநாயகக் கட்சிப் பக்கம் கைமாறியது மட்டும் உறுதி. டிசம்பரில் குடியரசுக் கட்சியின் கையில் இருந்த சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் போட்டு உச்ச நீதிமன்றத்துக்கும் கட்சிப் பெயரை ஒட்டியது. 2017 மார்ச்சில் கவர்னர் ராய் கூப்பரின் வீட்டோவையும் தாண்டி விசாரணை நீதிமன்றங்களுக்கும் ஒட்டியாயிற்று.

2018-க்கு முதற்கட்டத் தேர்தலே வேண்டாம் என்று நிறுத்தினார்கள், எதிர்த்தரப்பு நாலைந்து பேராகப் பிரியட்டும் என்ற நினைப்பில் என்பது பலருடைய சந்தேகம். பிரிந்தது இவர்கள் தரப்பு. குடியரசுக் கட்சிப் பெயரில் இரண்டு பேர் நின்று வாக்கைப் பங்கிட, ஜனநாயகக் கட்சியின் அனிட்டா எர்ல்ஸ் பாதிக்கும் சற்றுக் குறைவான வாக்கில் வென்றார். வைத்த வலையில் தானே விழுவது என்று நம் பக்கம் சொல்வது இதைத்தான்.

மற்ற மாநிலங்களைப் பற்றிச் சுருக்கமாக. மேற்கு வர்ஜீனியாவில் 2004-ல் டான் பிளாங்கன்ஷிப் என்ற நிலக்கரி நிறுவனத் தலைவர் பிரெண்ட் பெஞ்சமினை வெற்றிபெற வைக்க 30 லட்சம் டாலர் செலவழித்தார். அந்த நிறுவனத்துக்கு எதிரான 5 கோடி டாலர் தீர்ப்பு பின்னால் அதே பெஞ்சமின் இருந்த நீதிமன்றத்துக்கு வந்தது, அவர் விலக மறுத்தார், 3-2 என்று தீர்ப்பு ரத்தானது. 2009-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அவர் விலகியிருக்க வேண்டும் என்றது. அந்த அவமானத்தில் பிறந்ததுதான் அங்கே அரசுப் பணத் திட்டம். 500 நன்கொடையாளர்கள், ஆளுக்கு 1 முதல் 100 டாலர், மொத்தம் 35,000 முதல் 50,000 என்று விதி. 2012-ல் அதில் சேர்ந்த ஒரே ஆள் ஆலன் லாரி, ஜெயித்தார். 2018-ல் மோசடி வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பாகிப் பதவி விலகினார். அவர் அறைக்கு வாங்கிய 32,000 டாலர் சோபா ஊரெல்லாம் பேச்சானது. சுத்தமான பணத்தில் ஜெயிப்பவர் சுத்தமானவராக இருப்பார் என்று எந்தச் சட்டமும் உத்தரவாதம் தராது. 2016-ல் அரசுப் பணத்தில் நின்றவர்களில் ஒருவர் யார் தெரியுமா? அதே பெஞ்சமின். தோற்றார்.

விஸ்கான்சினில் நீதிபதித் தேர்தல் சட்டப்படி இன்றைக்கும் கட்சி சார்பற்றது. 2011-ல் இரு வேட்பாளர்களும் அரசுப் பணத்தில் நின்றார்கள், அந்த ஆண்டே திட்டம் ரத்தானது. 2025-ல் அங்கே ஒரே ஓர் உச்ச நீதிமன்ற இடத்துக்கு எல்லாத் தரப்பும் சேர்ந்து செலவழித்தது 10 கோடி டாலருக்கும் மேல். சீட்டில் கட்சிப் பெயர் இல்லை, ஆனால் யார் எந்தக் கட்சி என்று தெரியாத ஆள் அந்த மாநிலத்தில் ஒருவரும் இருந்திருக்கமாட்டார்.

வட கரோலினாவில் 2024-ல் நடந்தது கட்சிப் பெயரோடு. நீதிபதி அலிசன் ரிக்ஸுக்கும் ஜெஃபர்சன் கிரிஃபினுக்கும் வித்தியாசம் 734 வாக்கு. அறுபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட சீட்டுகளை எதிர்த்து வழக்கு நடந்து, 2025 மே மாதம் கிரிஃபின் ஒப்புக்கொண்டபின்தான் முடிந்தது. கட்சிப் பெயரை எதிர்ப்பவர்கள் இந்தத் தேர்தலைத்தான் சுட்டிக் காட்டுவார்கள். ஆனால் அந்தத் தேர்தலில் ஜனாதிபதிக்கு விழுந்த வாக்கு 57 லட்சம், இந்த நீதிபதி இடத்துக்கு 55 லட்சத்து 40 ஆயிரம். 2012-ல் பத்து லட்சமாக இருந்த இடைவெளி ஒன்றரை லட்சத்துச் சொச்சமாகச் சுருங்கிவிட்டது. ஒரே வட்டத்தில் எல்லா ஓட்டும் போடும் வசதியை இடையில் எடுத்துவிட்டதும் இதற்கு ஒரு காரணம். எது எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை.